தானாகத் தொடங்கும் பட்டியல்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்தாயிற்று, இப்போது பேப்பர் படிக்கிறார், படித்ததை எல்லாம் எங்களுக்கும் படித்துக் காட்டுகிறார். நம் குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது.

இதைக் கையால் எழுதுவது உங்களுக்கு விசித்திரமாக இருக்கும். காரணம் இருக்கிறது.

கம்ப்யூட்டர் இரண்டு மாதமாக ஆமை மாதிரி நகர்ந்தது. போட்டுவிட்டுச் சோறு வடித்துவிட்டு வந்தாலும் அப்போதுதான் திரை வரும். தெருமுனைக் கடை ரிப்பேர்காரர் வந்து பார்த்து, "மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா ஏத்தணும்க்கா, கடைக்குத் தூக்கிட்டுப் போறேன்" என்றார். குட்டியின் படங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அவர் காட்டிய அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை, அனுப்பவில்லை. இதை என் தோழிக்கு மட்டும் மெயிலில் எழுதினேன். அந்த ஞாயிறு ஃபோனில் நீங்கள், "ரிப்பேர்காரன் பேச்சைக் கேக்காதே, நான் வர்ற வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும்" என்றீர்கள். ரிப்பேர்காரர் வந்ததை நான் உங்களிடம் சொல்லவே இல்லை.

அதற்கு முந்தைய வாரமும் அப்படித்தான். பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலைக்குக் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் எழுதியிருந்தேன். கிடைத்தால் சொல்லலாம் என்று வாயைத் திறக்காமல் இருந்தேன். நீங்களோ எடுத்த எடுப்பிலேயே, "பல் டாக்டர்கிட்ட என்ன வேலை உனக்கு?" என்று கேட்டீர்கள். நான் எழுதியபோது அறையில் இருந்தது உங்கள் தங்கை ஒருத்திதான்.

சந்தேகம் முழுக்க அவள் மேல் போயிற்று. அவள் வந்தால் பேச்சை நிறுத்தினேன். அலமாரியைப் பூட்டினேன். அவள் ஃபோன் பேசினால் கதவருகே நின்று கேட்டேன், இதை எழுதவே கூசுகிறது. அவளோ சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். ஐந்து வாரம் ஒரே வீட்டில் இப்படி இருந்தோம்.

போன சனிக்கிழமை என் தோழி வந்தாள். நூலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள். அழிக்கவெல்லாம் வேண்டாம் என்று சிரித்துவிட்டு, சின்னச் சின்ன வேலைகளைக் கற்றுக்கொடுத்தாள். எதிலும் கை வைக்கும் முன் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் போட்டுக்கொள்ள வேண்டும், கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்பலாம். தேங்கிக் கிடக்கும் தற்காலிகக் கோப்புகளைக் கழிக்க வேண்டும். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பலகை வரும். கம்ப்யூட்டரைப் போட்டதுமே தானாகத் தொடங்குகிறவற்றின் பட்டியல் அதில் இருக்கும், வேண்டாதவற்றை நிறுத்தலாம். சொல்லிக்கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள்.

பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு பெயர் மட்டும் புரியவில்லை. எப்போது ஏற்றியது என்று தேதியைப் பார்த்தேன். போன விடுமுறை முடிந்து நீங்கள் கிளம்பிய நாள். டாக்ஸி வாசலில் நின்ற பிறகும் ஒரு மெயில் பார்க்க வேண்டும் என்று உள்ளே போனீர்களே, அந்த நாள்.

நானே தவறாக முடிவு கட்டிவிடக்கூடாது என்று உங்கள் தங்கையைக் கூப்பிட்டேன். ஐந்து வாரத்தில் முதல் தடவை. அவள் உட்கார்ந்து அதைத் திறந்தாள். கடவுச்சொல் கேட்டது. மறந்துவிட்டதா என்ற இடத்தில் அழுத்தினாள். உங்கள் மெயில் முகவரியைக் காட்டி, இதற்கு அனுப்பட்டுமா என்று கேட்டது. அவள் கையை எடுத்துவிட்டாள். அந்தப் பெயரைத் தன் ஃபோனில் தேடிப் படித்துவிட்டு, "நாம தட்டுற எழுத்தெல்லாம் அண்ணனுக்குப் போயிருக்கு அண்ணி" என்றாள். பிறகு, "என்னோடதும்தான்" என்றாள்.

சாதாரணமாக நீக்கப் பார்த்தோம், மறுத்தது. அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் போட்டு நீக்கினோம். மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தோம், திரும்பி வரவில்லை. கம்ப்யூட்டர் இப்போது சட்டென்று எழுந்துகொள்கிறது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அண்ணி, டீ போடட்டுமா" என்று எழுந்து போனாள். அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள்.

மாமாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர்ந்தேன். இது நான் சொல்லி உங்களுக்குத் தெரியவரும் செய்தி.

என் மேல் என்ன சந்தேகம், எப்போதிலிருந்து என்று எழுதுங்கள். அங்கே தனியாக இருந்து எதையாவது நினைத்து மருகினீர்களா என்றும் தெரியவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணும்போது, வீட்டில் என்ன செய்தி என்று கேளுங்கள். நிஜமாகவே தெரியாமல் கேளுங்கள். எல்லாவற்றையும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி