நடுவில் மூன்று விளக்கு

3.10.2025, வெள்ளி, காலை 10.20. விராலிமலை, டாக்டர் அமுதவல்லியின் பல் கிளினிக். நாலடி மீன் தொட்டியில் நான் நட்ட சிவப்புச் செடி பதினாலு. மிச்சம் ஒன்பது.

இரண்டு எல்இடி விளக்கின் கண்ணாடியிலும் சந்தனம், குங்குமம். வரவேற்பு மேசைப் பரிமளாவிடம், வெளிச்சத்தை மறைத்துச் செடியைக் கொன்றுவிட்டதாகக் காத்திருந்தவர்கள் முன்னாலேயே கத்தினேன்.

"ஆயுத பூசைக்கு வச்சதுங்க. பல்லு புடுங்குற சேருக்கும் வச்சிருக்கோம், அதையும் போய்த் திட்டுங்க" என்றார். சிரிப்பு.

துடைத்தேன். வெளிச்சம் அளக்கும் மீட்டரில் இரண்டு புள்ளிதான் கூடியது. பூசை முந்தாநாள், செடி சாகத் தொடங்கி மூன்று வாரம். கத்தின பிறகுதான் உறைத்தது.

தொட்டி அடியில், நடுவில் அளந்தேன்: ஒரு விளக்குக்கு 40, மற்றதற்கு 41, இரண்டும் எரிந்தால் 81. வெளிச்சம் கூட்டல் கணக்குதான். பிறகு என்ன கேடு இந்தச் செடிகளுக்கு?

4.10

எங்கள் மீன் கடை முதலாளி அருள்தாஸ்: "பத்தலைன்னா இன்னொன்னைப் போட்டு விடுய்யா." போட்டேன், அந்த இரண்டோடு ஒட்டி. நடுவில் 121. இனி சாகட்டும், பார்க்கலாம்.

9.10

செத்தது, இன்னும் இரண்டு. மிச்சம் ஏழு. நடுக்கல் மேல் வழவழவென்று பச்சைப் பாசி வேறு.

டாக்டர் போனில் சொல்லிவிட்டார்: தீபாவளிக்குள் சரியாகாவிட்டால் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அருள்தாஸ்: "அப்படி எடுத்தா, தொட்டி வேலை இனி சந்தோஷ்குமாருக்கு. நீ மீனைக் கவர்ல போட்டுக் கட்டு."

ஈசிஇ படித்தவன் நான். கடையில் என்னோடு வேலை பார்க்கும் சந்தோஷ்குமாருக்கு மீட்டரை ஆன் பண்ணக்கூடத் தெரியாது.

11.10

பரிமளா: "பாசி நடுவுல. செடிய ஓரத்துல நட்டிருக்கீங்க. அங்கிட்டு அளந்தீங்களா?"

இல்லை — அளக்கவில்லை.

ஓரத்தில் 16. மூன்றும் சேர்ந்து! ஒவ்வொரு விளக்கிலிருந்தும் அந்த மூலைக்கு வருவது ஐந்து, ஆறு. நான் நடுவில் கூட்டிய 121-ஐ அந்தச் செடி எங்கே பார்த்தது? கடையில் எல்லாம் ஒன்றரை அடித் தொட்டி. விளக்கு நடுவில், மீட்டரும் நடுவில். அதே பழக்கத்தை இங்கேயும் கொண்டு வந்திருக்கிறேன். என்ன படிப்பு படித்தேன்?

மூன்று விளக்கையும் இடம், நடு, வலம் என்று பிரித்து வைத்தேன். ஓரம் 43, நடு 52. பரிமளா மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். என்னைத் திட்டியிருக்கலாம்.

18.10

ஏழும் உயிரோடு. ஆறில் புதுக் கொழுந்து, சிவப்பு. டாக்டர் தொட்டி முன்னால் நின்றார். "மீனுக்குத் தீனி போட்டாச்சா?" என்று பரிமளாவிடம் கேட்டுவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான்.

இனி:
1. எந்தத் தொட்டியானாலும் நாலு மூலையும் அளக்க.
2. நடுக்கல் பாசியைச் சுரண்ட.
3. பரிமளாவிடம் மன்னிப்புக் கேட்க. கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து.