முட்டை வண்டித் தரை

2025 ஜனவரி 6, திங்கள்

நான் கட்டிக் கொடுத்த மேடை லாரியில் ஆடிப் பார்த்த பெண், பத்தே நிமிடத்தில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாலே நடனக் குழுவின் பிரீத்தி. பக்கக் கதவை இறக்கினால் மேடையாகிவிடும் வண்டி அது. சனிக்கிழமை நாமக்கல்லில் முதல் ஆட்டம். அங்கிருந்து நாடு முழுக்கப் போகிறார்கள்.

அடியில் இரும்புச் சேனல் சட்டம், மேலே இரும்புத் தகடு. பத்து டன் தாங்கும் என்று பெருமையடித்தவன் நான்தான். மேலாளர் தேவிப்ரியா சத்தம்கூடப் போடவில்லை. “இதுல நிக்கலாம் சார், குதிக்க முடியாது. வெள்ளிக்குள்ள மாத்தலன்னா டூரையே நிறுத்தணும்.”

முப்பது வருசமா லாரிக்குப் பாடி கட்டறேன். தரை கெட்டியா இருக்குதுன்னு குத்தம் சொன்னவங்க இவங்கதான்.

ஜனவரி 7

தகட்டின்மேல் நானே ஏறிக் குதித்துப் பார்த்தேன். முட்டி வலித்ததுதான் மிச்சம்.

ஜனவரி 8

காலையில் பட்டறைக்கு ஒரு முட்டை வண்டி வந்தது. “ஸ்பிரிங் கட்டுல ஒரு பட்டையக் கழட்டி உடுங்க, வண்டி மெத்துனு போகட்டும், முட்டையெல்லாம் ஒடையுது” என்றார் டிரைவர்.

அட மடையா! நான் கல் ஏற்றுகிற வண்டியையல்லவா கட்டி வைத்திருக்கிறேன்?

தகட்டைப் பிடுங்கியாச்சு. பழைய டயரைத் துண்டு போட்டு வரிசையாக வைத்தோம். அதன்மேல் மரச்சட்டம், அதன்மேல் இரண்டடுக்கு பிளைவுட்.

ஜனவரி 10

என் வீட்டுக்காரி பெரியநாயகியை வரச் சொல்லி, ஏறிக் குதி என்றேன். “ஏனுங்க, ஊட்டுல நான் குதிக்கறது பத்தலீங்களா?” பட்டறையே சிரித்தது. குதித்தாள். அப்புறம் இறங்க மனசில்லை அவளுக்கு.

சாயங்காலம் பிரீத்தி வந்து அரைமணி நேரம் ஆடினாள். “இன்னும் கொஞ்ச நேரம் ஆடட்டுமா அங்கிள்?” — அப்பாடா!

ஜனவரி 11

நல்ல கூட்டம். கூத்து வாத்தியார் சின்னுசாமி முன்வரிசையில் உட்கார்ந்து கால்களையே பார்த்தார். முடிந்ததும் மேடையேறி, செருப்பைக் கழற்றிவிட்டு, நின்ற இடத்தில் விர்ரென்று சுற்றினார். அறுபது வயசு! பிரீத்தி ஓடி வந்து, “இதை எனக்குச் சொல்லித் தாங்க” என்று பிடித்துக்கொண்டாள்.

அவருக்கோ தரைமேல்தான் கண். “நாங்க ஆடற கோயில் வாசலெல்லாம் காங்கிரீட் போட்டுட்டாங்க சாமி. பசங்களுக்கு முட்டி போவுது.”

மார்ச் 2

ஒடிசாவில் கட்டாக்கிலிருந்து தேவிப்ரியா போன். “உங்க வாத்தியார் சுத்து இப்ப எங்க ஆட்டத்துல இருக்கு சார். அதுக்குத்தான் கைதட்டல் அதிகம். இங்க நாடகக்காரங்க வண்டிக்கு அடியில படுத்துத் தரையை அளவெடுக்கறாங்க.”

என் வேலையைச் சும்மா அள்ளிக்கொண்டு போகிறார்களா? சுருக்கென்றது. கொஞ்ச நேரம்தான். எடுத்துட்டுப் போகட்டும், ஆடத்தானே கேக்கறாங்க.

மார்ச் 4

சின்னுசாமி வந்தார். பேசி முடித்தாயிற்று: அவர் கூத்துக்கும் இதே மாதிரித் தரை, பன்னிரண்டுக்குப் பதினாறு அடி, டெம்போவில் ஏற்றப் பன்னிரண்டு துண்டு, பங்குனித் திருவிழாவுக்கு முன் தரவேண்டும். மரத்துக்கு முப்பத்தெட்டாயிரம் ரூபாய். கூலி வேண்டாம், முதல் கூத்து நம் பட்டறையில், பெரியநாயகிக்கு முன்வரிசை.