உன் அப்பா கழற்ற மறுக்கும் சாக்ஸ்

மால்டா,
27 ஜூன் 1996, வியாழன்

அன்பு மகன் ரய்மொண்டுக்கு,

உனக்கும் டோரிஸுக்கும் குட்டி பவுலாவுக்கும் அம்மாவின் முத்தங்கள். 'நாங்கள் இங்கே நலம்' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை. ஒன்றரை வருடமாக ஒரு நோட்டில் பொய்யாக எழுதித் தள்ளிய கை இது. இந்தத் தாளிலாவது உள்ளதை எழுதுகிறேன்.

உறையில் தபால்தலை இல்லாததைப் பார்த்திருப்பாய். பக்கத்து வீட்டு ஜூசா நாளை மகளைப் பார்க்க உங்கள் மெல்போர்னுக்குக் கிளம்புகிறாள். அவள் கைப்பையில் நானே வைத்து அனுப்புகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். வீட்டுப் போன் உன் அப்பாவின் நாற்காலியை ஒட்டி இருக்கிறது. ஞாயிறுதோறும் நீ கூப்பிடும்போது அவர் பேப்பரில் ஒரே பக்கத்தை அரை மணி நேரம் படிப்பது வேறு எதற்கென்று நினைக்கிறாய்? மளிகைக் கடைப் போனில் பேசினால், கோவில் மணி அடிப்பதற்குள், திருவிழாவுக்குத் திருவிழா முட்டிக்கொள்ளும் சிவப்பு மன்றம், நீல மன்றம் இரண்டுக்கும் சேதி போய்விடும். இந்த ஊரில் ரகசியம் பேசுவதற்கு விமானம் ஏற வேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். அப்பாவின் இடது கால் பெருவிரலுக்கு அடியில் புண். மூன்று வாரமாகிறது. எந்த டாக்டரிடமும் காட்ட மாட்டேன் என்கிறார். சர்க்கரை உடம்பு.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். போன வருடம் ஜனவரியில் வல்லெட்டாவிலிருந்து டாக்டர்கள் வந்தார்கள். சர்க்கரை நோய்க்கு ஒரு புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு. நம் ஊரில் அறுபது பேர் வேண்டும், இரண்டு வருடம் நடக்கும் என்று பூசை முடிந்ததும் அறிவித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்துள்ள மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற நர்ஸுக்கே தெரியாதாம். வேறு ஊராக இருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நம் சிவப்பு மன்றத்துச் செயலாளர் விஸ்தின் அன்று சாயங்காலமே, 'மருந்தெல்லாம் நீலக்காரனுங்களுக்குத்தான் போகும், நமக்கு சுண்ணாம்புதான், பாத்துக்கிட்டே இருங்க' என்று ஆரம்பித்துவிட்டார். நீல மன்றத்திலும் எங்களைப் பற்றி இதையேதான் சொன்னார்களாம்.

அப்படிச் சந்தேகம் இருந்தால் சேராமல் இருக்க வேண்டியதுதானே? அதுவும் இல்லை. அவர்களைவிட ஒரு ஆள் குறைந்துவிடக் கூடாதே! நம்மவர் முப்பது, அவர்கள் முப்பது என்று ஒரே வாரத்தில் அறுபதும் நிரம்பிவிட்டது. மன்றத்தில் பந்தாட்டக் கணக்கு எழுதும் கரும்பலகையில் 'சிவப்பு 30, நீலம் 30' என்று எழுதிவைத்தார்கள். முதலில் விலகுகிறவன் ஊர் முகத்தில் எப்படி விழிப்பான்? பிப்ரவரியில் நீலக்காரர் ஒருவர் செத்துப்போனார். செத்தவரைக் கழிக்கலாமா கூடாதா என்று இரண்டு வாரம் சண்டை, ரய்மொண்டு, அவருக்கு முப்பதாம் நாள் பூசை முடிவதற்குள். அப்புறம் நம்மில் ஒருவர் மகளோடு கோசோ தீவுக்குக் குடிபோனார். இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது.

டாக்டர்களுக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற ஊர்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்களாம், இங்கே மட்டும் ஒருவரும் தானாக விலகவில்லையாம். எங்கள் பொறுப்பைப் பற்றி வெளிநாட்டில் ஒரு கூட்டத்தில் படம் போட்டுப் பேசினார்களாம். பொறுப்பு!

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தினமும் என்ன சாப்பிட்டோம் என்று எழுத வேண்டும். உன் அப்பாவுக்குக் கண்ணாடி தேடச் சோம்பல். அவர் சொல்ல நான் எழுதினேன். மன்றத்தில் சீஸ் அடைத்த இரண்டு பஸ்தீட்சியைத் தின்றுவிட்டு, சட்டையில் அதன் பொருக்கோடு வீட்டுக்கு வருவார். தட்டு நிறைய அடுப்பு மக்ரோனியும் உள்ளே போகும். வாயைத் துடைத்துக்கொண்டே, 'எழுதிக்கோடி. வெந்த மீன். கீரை' என்பார். எழுதினேன். பக்கத்தின் கடைசியில் வாரம் ஒரு கேள்வி இருக்கும்: காலில் புண், கொப்புளம் ஏதாவது உண்டா? புண் இல்லையென்றால் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட வேண்டும். கடைசி மூன்று குறிகளையும் போட்டது என் கை. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

புண் எப்படி வந்தது தெரியுமா? திருவிழாவுக்குத் தெருவில் சிவப்புத் துணி கட்டப் போனார். சின்ன ஆணி ஒன்று ஷூவின் அடியில் ஏறியிருக்கிறது. நாள் முழுவதும் அதன்மேல் நடந்திருக்கிறார், தெரியவே இல்லை. கால் அவ்வளவு மரத்துப்போயிருக்கிறது. வீட்டில் வந்து கழற்றினால் சாக்ஸ் முழுக்க ரத்தம். நான் அலறினேன். அவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, 'நம்ம கலர்தானே, ஏன் கத்தறே' என்று சிரித்தார். அன்றிலிருந்து இந்த வெயிலில் சாக்ஸ்மேல் சாக்ஸ் போட்டுக்கொண்டு திரிகிறார். வெளியே சொன்னால் அன்றைக்கே வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்று மிரட்டல் வேறு. புண் வந்தவரை ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள், பலகையில் நம் கணக்கு குறைந்துவிடும், அதுதான் பயம் என்று நினைத்தேன்.

போன சனிக்கிழமை பொறுமை போய்விட்டது. எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்று ரொட்டி வண்டிக்குப் பக்கத்தில் லூசியாவைப் பிடித்துச் சொல்லிவிட்டேன். உன் மைத்துனிதான் இங்கே ஆய்வு நர்ஸ், டோரிஸ் சொல்லியிருப்பாள். பாவம் அந்தப் பெண். நீலக் குடும்பத்தில் பிறந்ததால் நம்மவர்கள் நம்புவதில்லை. சிவப்பு வீடுகளுக்குப் போய் வருவதால் அவள் ஆட்களும் நம்புவதில்லை. திங்கட்கிழமை பையோடு வீட்டுக்கு வந்தாள். உன் அப்பா இரண்டு காலையும் மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

'மாமா, நான் நீலமும் இல்ல, சிவப்பும் இல்ல. நர்ஸு. காலைக் காட்டுங்க' என்றாள்.

'உங்கப்பன் மொட்டைமாடியில பறக்கறது என்ன கொடி?' என்றார் இவர்.

'கொடிக்கும் உங்க கட்டைவிரலுக்கும் என்ன மாமா சம்பந்தம்?'

'விரலை எடுத்துட்டுப் போய் உங்க மன்றத்து சுவத்துல மாட்டுவீங்க. எனக்குத் தெரியாதா?'

அவள் சமையலறைக்கு வந்து அழுதாள். 'அத்தை, எல்லார் நோட்டுலயும் வெந்த மீனும் கீரையும்தான். எங்க சித்தப்பா நோட்டுலயும் அதான். அப்போ இந்த ஊர்ல மக்ரோனியை யார்தான் தின்னுத் தீக்கறாங்க?' என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான் போட்ட மூன்று பொய்க் குறிகளையும் காட்டினேன். திட்டவில்லை. 'நான் மேலிடத்துக்கு எழுதியாகணும் அத்தை. மாமா ஆய்வுல இருக்க முடியாது. ஆனா அவரைக் கையைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போக எங்களுக்கு அதிகாரம் இல்ல' என்றாள். இன்னும் தள்ளிப்போட்டால் விரல் போகும், அதற்கு மேலும் விட்டால் கால் போகும் என்றாள். புண்ணில் வாடை வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது என்றாள். நேற்று எனக்கு வாடை வந்தது.

நேராக மன்றத்துக்குப் போனேன். அதை மாட்டிய இருபத்தாறு வருடத்தில் ஒரு பெண் அந்தக் கரும்பலகையைத் தொட்டதில்லை. என் ஏப்ரன் துணியாலேயே இருபத்தொன்பதை அழித்து இருபத்தெட்டு என்று எழுதினேன். ஏன் என்று விஸ்தின் கேட்டார், சொன்னேன். விஷயம் தெரிந்ததும் எனக்குப் பின்னாலேயே வீட்டுக்கு ஓடிவந்து, 'ஸ்பிரு, கணக்கு கிடக்குது கழுதை, டாக்டர்கிட்ட போய்யா' என்று கெஞ்சினார். சிவப்பு மன்றத்துச் செயலாளர் தோல்வியை ஒப்புக்கொண்டு கெஞ்சுகிறார், அப்போதும் உன் அப்பா அசையவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இது கணக்கு விஷயமே இல்லை. விஸ்தின் போன பிறகு நான் கத்தின கத்தலில் அவரே சொன்னார்: 'படுக்க வெச்சிடுவாங்கடி. ஜூலை கடைசி ஞாயிறு சூசையப்பர் சுரூபம் பவனி வரும்போது இடது முன் தண்டுக்கு யார் தோள் கொடுக்கறது? எங்கப்பா எனக்குக் குடுத்தாரு. நான் யாருக்குக் குடுக்க?' சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்தப் பக்கம் சுவரில் உன் படம் இருக்கிறது.

உன்னையும் விடப் போவதில்லை. கல்யாண விருந்தை நீல மன்றத்து மண்டபத்தில் வைத்தாய். அவர் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பினார். அது அவர் தப்புதான். எழுந்து வெளியே போய் அவரை உள்ளே கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தாயே, அது யார் தப்பு? நாலு வருடமாக ஞாயிறுதோறும் 'அப்பா எப்படி இருக்கார்' என்று என்னிடம் கேட்கிறாய். இவர் 'என்னவாம் அவனுக்கு' என்று என்னிடம் கேட்கிறார். நான் என்ன, உங்கள் இரண்டு பேருக்கும் தந்திக் கம்பியா? சலித்துவிட்டது, மகனே. டோரிஸ் நல்ல பெண், அவள் தங்கை அதைவிட நல்லவள். நிறத்தை எல்லாம் நான் என்றைக்கோ துவைத்து வெளுத்துவிட்டேன்.

இன்று காலை பெட்டியிலிருந்து பவனிக்கு நீ போடும் வெள்ளை அங்கியை எடுத்தேன். மடிப்பெல்லாம் மஞ்சளித்திருந்தது. துவைத்து மாடியில் காயப்போட்டேன். யாருடையது என்று அவர் கேட்கவில்லை. ஆனால் அந்தக் காலோடு, தடுக்கத் தடுக்க, மூன்று தடவை படியேறிப் போய் ஈரம் போய்விட்டதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். இந்த மனிதரை நான் என்னதான் செய்வது?

கடிதம் கிடைத்த நிமிடமே கூப்பிடு. ஞாயிறுவரை பார்க்காதே. என்னைக் கேட்காதே, அவரிடம் போனைக் கொடுக்கச் சொல். 'அப்பா, சாக்ஸைக் கழட்டி லூசியாகிட்ட காட்டுங்க. இந்த வருஷம் தண்டை நான் தூக்கறேன்' என்று சொல். வேறு எதுவும் பேச வேண்டாம், பழையதை எடுக்க வேண்டாம். வர முடிந்தால் வா. விடுப்பு கிடைக்காதென்று தெரிந்தாலும் வருகிறேன் என்றே சொல். அந்த நோட்டில் நான் எழுதிய பொய்களோடு இதையும் என் பேரிலேயே ஆண்டவர் எழுதிக்கொள்ளட்டும்.

உன் இரண்டு தோளையும் ஆண்டவர் பலமாக வைத்திருக்கட்டும், மகனே. உன் அப்பாவை இரண்டு காலோடு வைத்திருக்க எனக்கு இனி வேறு வழி தெரியவில்லை.

உன் அம்மா,
ஜெம்மா