பாலத்து வளைவில் அகற்றப்படாமல் நிற்கும் ‘20’ பலகை

அனுப்புநர்:
சலவைக்கடை உரிமையாளர்
(‘இஸ்திரி அக்கா’ என்றால் எல்லோருக்கும் தெரியும்),
பாலத்தைத் தாண்டியதும் இடப்பக்கம் முதல் கடை.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
சாலைப் பராமரிப்புத் துறை,
வட்டார அலுவலகம்.

பொருள்: வேலை முடிந்த பிறகும் எடுக்கப்படாத ‘மணிக்கு 20 கி.மீ.’ பலகையைப் படித்துக் கார்கள் நடுச்சாலையில் தாமாக வேகம் குறைப்பது – என் தங்கை அடிபட்டது – திங்கட்கிழமைக்குள் பலகையை அகற்றக் கோருவது – தொடர்பாக.

பார்வை: பலகையை மறைத்ததற்காகத் தங்கள் சாலை ஆய்வாளர் எனக்குக் கொடுத்த அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மேற்கண்ட இடத்தில் சலவைக்கடை நடத்திவருகிறேன். என் இஸ்திரி மேசை சன்னலை ஒட்டியிருக்கிறது. சன்னலுக்கு நேர் எதிரே பாலம். ஆகவே கீழே எழுதியிருப்பவற்றில் பெரும்பாலானவை நான் கண்ணால் கண்டவை. காதால் கேட்டவற்றை, யார் சொன்னார்கள் என்று சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

1. சென்ற மழைக்காலத்துக்கு முன் குடிநீர்க் குழாய் பதிப்பதற்காகப் பாலத்தருகே சாலையைத் தோண்டினார்கள். அப்போது ‘20’ என்று எழுதிய வட்டப் பலகை ஒன்றைப் பாலத்தின் கைப்பிடியில் கம்பியால் கட்டினார்கள். பள்ளம் இருந்தவரை அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு பள்ளத்தை மூடினார்கள், தார் போட்டார்கள், தடுப்புகளையும் சிவப்புத் துணிகளையும் காவலாளி உட்கார்ந்திருந்த உடைந்த நாற்காலியையும்கூட மறக்காமல் ஏற்றிக்கொண்டு போனார்கள். பலகையை மட்டும் விட்டுவிட்டார்கள்.

2. அந்தச் சாலையில் எண்பதில் போகலாம் என்பது தாங்கள் அறிந்ததே. வழக்கமாகப் போகிறவர்கள் யாரும் அந்தப் பலகையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பார்ப்பவை புதிய கார்கள்தான். முன்கண்ணாடியில் இருக்கும் கேமரா பலகையைப் படித்ததும் கார் தானே வேகத்தை இருபதுக்கு இறக்கிவிடுகிறது. பிரேக் போட்டு இறக்குவதில்லை, இன்ஜினை அடக்கி இறக்குகிறது. அதனால் பின்பக்கம் சிவப்பு விளக்கு எரிவதில்லை என்று என் தங்கை விளக்கினாள். எனக்கு அந்த நுட்பமெல்லாம் தெரியாது. பின்னால் வருகிறவர் டயர் அலறப் பிரேக் போடும் சத்தம் தெரியும். அது கேட்கும்போதெல்லாம் என் கை இஸ்திரிப் பெட்டியோடு அப்படியே நின்றுவிடும். அப்படி நின்றதில் வாடிக்கையாளர் ஒருவரின் வெள்ளைச் சட்டை முதுகில் கருகிப்போனது. அதற்கு நான் தங்களிடம் ஈடு கேட்கவில்லை. தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

3. எல்லாக் கார்களும் எல்லா நேரமும் படித்தாலாவது சுதாரித்துக்கொள்ளலாம். காலையில் படித்த கார், மாலை வெயில் கண்ணாடியில் அடித்தால் படிப்பதில்லை. மழையில் சில படிக்கின்றன, சில விட்டுவிடுகின்றன. லாரி ஒன்று இடையில் மறைத்தால் ஒன்றுமே நடப்பதில்லை. எந்தக் கார் எப்போது முடங்கும் என்று அதை ஓட்டுகிறவருக்கே தெரியாதபோது, பின்னால் வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

4. இதைத் தங்கள் பிரிவு அலுவலகத்தில் நேரில் போய்ச் சொன்னேன். எழுத்தர், “அது எங்க போர்டு இல்லம்மா, காண்ட்ராக்டர் வச்சது. அவரைப் போய்க் கேளுங்க” என்றார். ஒப்பந்தக்காரரிடம் போனேன். “வேலை முடிஞ்சுதுன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுக்கட்டும். அதுவரைக்கும் நான் கை வைக்க முடியாதும்மா” என்றார். இருவரும் என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். பலகை இருந்த இடத்திலேயே இருந்தது.

5. வேறு வழி தெரியாமல், வெகுநாளாக யாரும் திரும்ப வாங்க வராமல் என் கடையில் கிடந்த ஒரு மழைக்கோட்டைப் பலகைக்கு மாட்டி, பொத்தானும் போட்டுவிட்டேன். அதன்பின் பாலத்தில் எந்தக் காரும் தயங்கவில்லை. “யாருக்கா அது, மழையே இல்லாம கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிறாரு?” என்று போகிறவர் வருகிறவர் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று நான் நிம்மதியாக வேலை பார்த்தேன்.

6. தங்கள் ஆய்வாளர் அதைப் பார்த்துவிட்டு, அரசுச் சாலைக் குறியீட்டை மறைப்பது குற்றம், உடனே எடுக்காவிட்டால் வழக்கு என்று அறிவிப்பு கொடுத்தார். பலகை இருக்கிறதே, பள்ளம் எங்கே என்று கேட்டேன். “அதெல்லாம் என் வேலை இல்லம்மா. போர்டு மூடியிருக்கா இல்லையா, அதான் என் வேலை” என்றார். அதுவரை யாருடையது என்றே தெரியாதிருந்த பலகை, நான் மூடியதும் அரசாங்கத்துடையதாகிவிட்டது. நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள். என் கையாலேயே பொத்தானைக் கழற்றிக் கோட்டை எடுத்துவந்தேன்.

7. அடுத்த வாரமே என் தங்கை அடிபட்டாள். அவள் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர். கார் மருத்துவமனையுடையது; வேகம் குறைக்கும் வசதியை அணைக்க முடியாதபடி பூட்டிவைத்திருக்கிறார்கள். ஆற்றைக் கடக்க வேறு பாலமும் கிடையாது. கோட்டை எடுத்துவிட்டதை அவளிடம் சொல்லியிருந்தேன். அவளும் பாலம் நெருங்கும்போது முன்கூட்டியே பிரேக்கை லேசாக மிதித்து, பின்விளக்கை எரியவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். அன்று காலை ஏதோ ஒரு நோயாளியின் நினைப்பில் மறந்துவிட்டாள். பாலத்தில் ஏறியதும் வழக்கம்போல என் சன்னலைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். கார் சட்டென்று தளர்ந்தது. பின்னால் வந்த சிமெண்ட் லாரி நிற்க முடியாமல் மோதி, காரைக் கைப்பிடிமேல் தள்ளியது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் நெற்றியிலிருந்து இரத்தம் அவளுடைய வெள்ளைக் கோட்டெல்லாம் இறங்கியிருந்தது. “நான் பிரேக்கே போடலக்கா, நான் பிரேக்கே போடல” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

8. அந்த லாரி ஓட்டுநர் மருத்துவமனைக்கு வந்து என் எதிரில் அழுதார். “முன்னாடி லைட்டே எரியலக்கா. நான் எதைப் பார்த்து நிக்கிறது?” என்று கேட்டார். கவனக்குறைவு என்று எழுதி அவர் உரிமத்தை முடக்கியிருக்கிறார்கள். காரை விற்ற நிறுவனத்தின் ஆள் வந்து சோதித்துவிட்டு, “கார்ல ஒரு குறையும் இல்லம்மா. போர்டைச் சரியாத்தான் படிச்சிருக்கு” என்றார். அவர் சொன்னது உண்மை. படித்ததில் பிழையில்லை, எழுதியிருந்ததுதான் பொய். மோதியதில் கைப்பிடி வளைந்து, முன்பு சற்றே சாய்ந்திருந்த பலகை இப்போது நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இனி எந்தக் காரும் அதைத் தவறவிடாது.

9. தங்கையின் கழுத்தில் கட்டியிருந்த பட்டையைக் கழற்றிவிட்டார்கள். வரும் திங்கட்கிழமை காலை வேலையில் சேருகிறாள். அதே வகைக் கார், அதே பாலம். கொஞ்ச நாளைக்காவது அந்த வசதியை அணைத்துக் கொடுங்கள் என்று மருத்துவமனையில் கேட்டேன். “அது பாதுகாப்புக்காக வச்சதும்மா” என்றார்கள். ஐயா, எனக்குப் பயமாக இருக்கிறது. இதை அலுவலக முறைப்படி எப்படி எழுதுவது என்று தெரியாததால் அப்படியே எழுதிவிட்டேன்.

ஆகவே, அந்தக் கம்பியை வெட்டிப் பலகையை எடுக்க உத்தரவிட வேண்டுகிறேன். கட்டிங் பிளேயர் என் கடையிலேயே இருக்கிறது. ஆள் மட்டும் அனுப்பினால் போதும். லாரி ஓட்டுநர்மீது தவறில்லை என்று உரிய இடத்துக்கு ஒரு வரி எழுதவும் வேண்டுகிறேன். இம்மனுவின் நகலைப் பிரிவு அலுவலகத்துக்கும் ஒப்பந்தக்காரருக்கும் அனுப்பியிருக்கிறேன். தமக்கானது இல்லை என்று தோன்றினால் அவர்கள் ஒருவருக்கொருவர் மாற்றி அனுப்பிக்கொள்ளட்டும்.

மழைக்கோட்டுக்கு உரியவர் சென்ற வாரம் வந்து அதை வாங்கிப் போய்விட்டார். என் தங்கை அன்று போட்டிருந்த வெள்ளைக் கோட்டு கடையில் இருக்கிறது. என் கைக்குப் போகாத கறை கிடையாது. ஆனால் அதை நான் இன்னும் தண்ணீரில் நனைக்கவில்லை. ஞாயிறு மாலைக்குள் பலகை எடுக்கப்படாவிட்டால், திங்கள் விடியும்போது அந்தக் கோட்டு பலகையின்மேல் இருக்கும், பொத்தான் போட்டபடி. அதற்கான அறிவிப்பை மேலே உள்ள முகவரிக்கே அனுப்பலாம்.

இப்படிக்கு,
சன்னலிலேயே நிற்கும்,
(கையொப்பம்)
சலவைக்கடை உரிமையாளர்

இடம்: பாலத்து வளைவு
நாள்: வியாழக்கிழமை