கடைசிப் பக்கங்கள் இல்லாத நாவல்

மதுரை
வெள்ளி மாலை

அன்பு மச்சானுக்கு, ஸலாம்.

தீக்காய வார்டுக்குள் ஒருவரைத்தான் விடுகிறார்கள். உங்கள் கண்கட்டு அவிழும்வரை நம் மகள் சுமைராவே உள்ளே இருக்கட்டும். இதையும் அவளே வாசித்துக் காட்டுவாள்.

நம் பட்டறையில் வெடிக்குக் குழாய் உருட்டும் வேலுத்தாய், சிவகாசியிலிருந்து ஒரு பை நிறையப் பழைய நாவல்களோடு வந்தாள். "டீச்சரம்மா, பழைய பேப்பர் கட்டுல வந்தது. நீங்க வைவீகன்னு மொதலாளி ஒளிச்சு வச்சிருந்தாக" என்று சிரித்தாள். பிறகு அழுதாள்.

எல்லாம் நான் கேள்விப்படாத எழுத்தாளர்கள். பேய்க்கதை சுமார். செவ்வாய் கிரகத்துக்கு ரயில் விடும் கதை, ஒப்புக்கொள்கிறேன், நன்றாகவே இருக்கிறது.

ஒரு பங்களாவில் நடந்த கொலையைத் துப்பறியும் நாவலில்தான் சிக்கிக்கொண்டேன். அதில் கடைசிப் பக்கங்கள் இல்லை. "மொதலாளி படிச்சு முடிச்சாத்தான் கிழிக்க விடுவாக. பின்னாலருந்து கிழிச்சு உருட்டுவோம்" என்கிறாள்.

நாளைக் காலை ஆபரேஷன். டாக்டர் நீட்டிய தாளில் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன். நானா என்று நீங்கள் கேட்பீர்கள்.

அந்தப் பங்களாவில் கொலை செய்தது யார் என்று இப்போது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். சுமைராவிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். நீங்களே வெளியே வந்து சொல்லுங்கள்.

கதவுக்கு இந்தப் பக்கம், பெஞ்சில்,
உங்கள் மனைவி