திருப்பி அனுப்பிய ஜீப்

ஆடி 9, ஞாயிறு

எங்கள் மலையூர் சித்தேரிக்குப் பிரசவ ஆம்புலன்ஸ் கேட்டு நாளை கலெக்டரிடம் மனு கொடுக்கிறோம். இன்று பெண்கள் கூட்டத்தில், "ஆயா, உங்க வூட்டுல நடந்தத நீங்களே சொல்லுங்க" என்றார்கள். வண்டி கிடைக்காமல் பேரன் வீட்டிலேயே பிறந்து செத்தான் என்றேன். அப்படியே மனுவில் எழுதினார்கள். முதல் கையெழுத்தை நானே பெருமையாகப் போட்டேன். மருமகள் செல்வி தலை நிமிரவில்லை.

செல்விக்கு வலி வந்த அன்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஜீப் வந்தது. "எனக்கு நாலும் வூட்டுலதான் பொறந்துது, நீ போப்பா" என்று நான்தான் திருப்பி அனுப்பினேன்.

சோறு போடும்போது செல்வி சொன்னாள்: "இன்னிக்காவது சொல்லுவீங்கன்னு பாத்தேங்க அத்த."

பிறகு அவள் அறைக் கதவு வரை போய் நின்றேன். திரும்பி வந்து இந்த நோட்டிடம் சொல்கிறேன்.