மஸ்கட்டிலிருந்து ஒரு பின்னூட்டம்

2-9-2007, ஞாயிறு

செப்டம்பர் வந்தும் வெயில் குறையவில்லை. காலையில் திருத்தங்கலிலிருந்து ஆமத்தூர் வரை சைக்கிள். பின் சக்கரத்தில் ஒரு கிரீச் சத்தம். எண்ணெய் விட வேண்டும். வழியில் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் பட்டாசு ஆபீஸ் வேன்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. சீசன்.

ஊருக்கு வெளியே இருக்கும் சின்னப் பாலத்தில் உட்கார்ந்து கடலை மிட்டாய். பாலத்தை நாலு படம் எடுத்தேன்.

சாயங்காலம் பிரவுசிங் சென்டர். படங்களை என் வலைத்தளத்தில் ஏற்றுவதற்குள் பொறுமை போய்விட்டது. பக்கத்து கேபினில் ஒருவர் யாரிடமோ: "ஏலே, பாஸ்வேர்டைச் சத்தமா சொல்லாதலே!"

சைக்கிள், மழை, பிரஸ் வேலை. என் தளத்தில் இவ்வளவுதான். ஏழெட்டுப் பேர் படிக்கிறார்கள். சாந்திக்குச் சிரிப்பு. "பொண்டாட்டிகிட்ட பேச ஒண்ணுமில்ல, கம்ப்யூட்டர்ல மட்டும் இம்புட்டு பேச்சு."

5-9, புதன்

பிரஸ்ஸில் காலண்டரும் பட்டாசு லேபிளும் ஒன்றாகக் கழுத்தை நெரிக்கின்றன. இன்று முழுக்கக் கம்பி மத்தாப்புப் பெட்டி. அட்டையில் குழந்தை முகம் சிவந்துவிட்டது என்று முதலாளி சத்தம். கம்ப்யூட்டரில் டிசைன் செய்வது நான்தானே, வாங்கிக்கொண்டேன். சரிசெய்தேன். இப்போது காமாலைக் குழந்தை.

பாலத்துப் படத்துக்குப் பின்னூட்டம் ஒன்று. ஆங்கில எழுத்தில் தமிழ். பெயர் முருகேசன். மஸ்கட்டில் வெல்டர். 'அண்ணே, அது எங்க ஊர்ப் பாலம். பாத்ததும் அழுகையே வந்துருச்சு.' அதற்குக் கீழே: 'அப்பா கொரலக் கேட்டு இருவது நாளாச்சு. எப்ப போன் போட்டாலும் அம்மாதான் எடுக்குது. வெளிய போயிருக்காருங்குது. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டுச் சொல்ல முடியுமா?'

அப்பா பெயர் கருப்பசாமி. முன்பு பட்டாசு வேலை. முருகேசன் விமானம் ஏறுமுன் இனி அந்த வேலைக்குப் போகக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான்.

சாந்தி: "முன்னப் பின்ன தெரியாதவக வீட்டுக்குப் போயி என்னன்னு கேப்பீக?"

தெரியவில்லை. ஆனால் போக வேண்டும்.

9-9, ஞாயிறு

போனேன். விசாரித்ததும் ஒரு பெண் வீட்டைக் காட்டிவிட்டு, கூடவே, "இப்பம் பரவால்லயா அவருக்கு?" என்றாள்.

கருப்பசாமி கட்டிலில். இரண்டு கைகளிலும் முழங்கை வரை கட்டு. முருகேசன் அனுப்பினான் என்றதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் மனைவிதான் பேசினார்.

"உக்காருங்க தம்பி. காப்பி சாப்பிடுறீகளா?"

"என்னம்மா ஆச்சு?"

"பட்டாசு ஆபீசுல ஆள் பத்தலன்னு கூப்புட்டாக. போனாரு. வெடிமருந்து இடிச்சு நிரப்பும்போது தீப்பிடிச்சுக்கிருச்சு. கூட இருந்தவளுக்கு ஒண்ணுமில்ல. இவரு கை ரெண்டும் வெந்துபோச்சு. வெரலு இருக்கு, மடக்க முடியல."

கருப்பசாமி சுவரைப் பார்த்தபடியே: "அவங்கிட்ட சொல்லிராதீக தம்பி. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருசம் இருக்கு. பாதியில வந்தா மறுபடி எடுக்க மாட்டாகளாம். வீட்டுல சும்மா ஒக்காந்து தின்னுக்கிட்டு இருக்க மனசு வரல. அதான் போனேன். அது அவனுக்கு வெளங்காது."

"ஒரு வார்த்தை போன்ல பேசிடலாமேய்யா."

"பேசினா அழுதுருவேன்."

கிளம்பும்போது அவரே கூப்பிட்டார். "ஒரு படம் எடுத்து அவனுக்குக் காட்டுங்க. மனசு ஆறும்." அந்தம்மா சட்டை மாட்டிவிட்டார். கட்டுக்கு மேல் சட்டைக் கை நுழையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டார். பின்பு கைகள் மறைய மடியில் ஒரு துண்டு. நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்தார். நல்ல சிரிப்பு.

வீடு திரும்பும்போது எதிர்காற்று. மிதிக்கவே முடியவில்லை.

10-9, திங்கள்

பிரஸ்ஸில் லேபிள் எச்சரிக்கை வரிகள். 'கையில் பிடித்து வெடிக்காதீர்கள்.' எழுத்தை இன்னும் சின்னதாக்கச் சொன்னார் முதலாளி, இடம் போதவில்லையாம். சின்னதாக்கினேன்.

சாயங்காலம் படத்தைத் தளத்தில் போட்டேன். 'ஆமத்தூரில் கருப்பசாமி ஐயாவைப் பார்த்தேன். நலமாக இருக்கிறார்.' இரண்டாவது வாக்கியத்தை அழித்தேன். மறுபடி அடித்தேன். இதுவரை அங்கே நான் பொய் எழுதியதில்லை. எழுதுவதற்கு அவசியமும் வந்ததில்லை.

சாந்தியிடம் சொன்னேன். "அவக வீட்டு விசயம். அவகளே சொல்லக் கூடாதுங்கும்போது நீங்க யாரு?" என்றாள். சரிதான்.

வாங்க வேண்டியவை: தேங்காய் எண்ணெய், பல்பு, சைக்கிள் டியூப். எதுவும் வாங்கவில்லை.

14-9, வெள்ளி

முருகேசனுக்கு இன்று விடுமுறை போல. பின்னூட்டம் வந்திருந்தது.

'அண்ணே, எங்கப்பா துண்ட மடியில போட மாட்டாரு. தோள்லதான். படம்னா கைய ரெண்டையும் முட்டிமேல வச்சு வெறப்பா ஒக்காருவாரு. துண்டுக்குக் கீழ என்ன?'

திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சென்டர்காரர், "சார், நேரம் ஏறிக்கிட்டே இருக்கு" என்றார். என் செல் நம்பரை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு வெளியே வந்தேன். சைக்கிள் பூட்டைத் திறக்கும்போதே அழைப்பு.

"அண்ணே, முருகேசன். கையா?"

"ஆமாம்."

"பட்டாசா?"

"ஆமாம், தம்பி."

அந்தப் பக்கம் அவன் பின்னால் யாரோ வேறு மொழியில் சிரித்தார்கள்.

"வெரல் இருக்காண்ணே?"

"இருக்கு. எல்லாம் இருக்கு. மடக்கத்தான் முடியல."

"சரிண்ணே" என்றான். இரண்டு தடவை. வைத்துவிட்டான்.

சொல்லாமல் இருந்திருக்க முடியுமா? முடிந்திருக்கும். 'வேர்வைக்குத் துண்டை மடியில் போட்டிருப்பார்' என்று ஒரு வரி. அது தோன்றவும் செய்தது.

16-9, ஞாயிறு

நானே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று ஆமத்தூர் போனேன். அவர்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. அந்தம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"நேத்து போன் போட்டான். நான் ஸ்பீக்கர்ல வச்சேன். ரெண்டு பேரும் பேசவே இல்ல தம்பி. அழுதாக. அம்புட்டுத்தான்."

"ஐயா என்ன சொல்றார்?"

"உங்க மேல கோவம். ஆனா நேத்துத்தான் கொஞ்சம் தூங்குனாரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவன் பொறப்புட்டு வரப்போறானாம். யாரு சொன்னாலும் கேக்க மாட்டேங்கான்."

உள்ளே இருமல் சத்தம். என்னை உள்ளே கூப்பிடவில்லை. நானும் நிற்கவில்லை.

படத்தையும் அந்த இரண்டு வாக்கியங்களையும் தளத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

23-9, ஞாயிறு

சைக்கிள் எடுக்கவில்லை. சாந்தி கேட்கவும் இல்லை. அவளாகவே டியூப் வாங்கி வைத்திருக்கிறாள்.

28-9, வெள்ளி

மதியம் பிரஸ் வாசலில் ஒரு ஆள். "அண்ணே, நான்தான் முருகேசன்." நான் நினைத்ததைவிடச் சின்னவன். கறுத்து, ஒட்டிப்போய். டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். என்னைத் திட்டுவான் என்று இருந்தேன். "நீங்க சொல்லலன்னா நான் இன்னும் அங்கனதான் ஒண்ணும் தெரியாம இருந்திருப்பேன்" என்றான்.

விசா ரத்து. திரும்பப் போக முடியாது. அப்பாவுக்குச் சோறு ஊட்டுவது இப்போது இவன்தானாம். "மொதநாளு வாயவே தெறக்கலண்ணே. ரெண்டாநாளு தெறந்தாரு."

டீயை முடித்துவிட்டு, கிளாஸைப் பார்த்தபடி: "உங்க பிரஸ்ல எதுனாலும் வேலை இருக்குமா? லோடு ஏத்துற வேலைன்னாலும் சரி."

29-9, சனி

முதலாளியிடம் கேட்டேன். "தீபாவளி முடியட்டும், பாப்போம். இப்பம் புது ஆளை வச்சுப் பழக்க எங்க நேரம்?" மறுபடி கேட்டேன். "ஒரு தடவை சொன்னா வெளங்காதா?" என்றார்.

முருகேசனுக்குப் போன். "பரவால்லண்ணே, விடுங்க. வெல்டிங் பட்டறையிலயும் கேட்டேன், இல்லன்னுட்டாக." வேறென்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். "அப்பாவுக்குச் சோறு ஊட்டணும்ணே" என்று வைத்துவிட்டான்.

1-10, திங்கள்

லேசான தூறல். சைக்கிளில் பிரஸ்ஸுக்கு. ரயில்வே கேட் அடைத்திருந்தது. என்னை ஒட்டி ஒரு பட்டாசு ஆபீஸ் வேன் வந்து நின்றது. உள்ளே நெருக்கமாகப் பெண்கள், தூக்குவாளிகள். கடைசி ஜன்னலில், மடியில் ஒரு தூக்குவாளியோடு முருகேசன்.

அவனும் பார்த்துவிட்டான். கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன். கேட் திறந்தது.